ஆயா படத்துக்குக் கீழே 'தோற்றம்' என்று எந்தத் தேதியைப் போடுவது?

கெடிலக்கரை:

தை மாசம் எங்கள் ஆயாவுக்கு முதல் வருஷ திதி. திருப்பாப்புலியூரில் ஒரு ஃப்ரேம் கடையில், தாத்தா படத்துக்குச் சோடியாக ஆயா படத்தையும் பெரிசு பண்ணக் கொடுத்திருக்கிறோம். "தோற்றம், மறைவு ரெண்டையும் எழுதிக் கொடுங்க சார்" என்றார் கடைக்காரர். மறைவு இருக்கிறது. தோற்றத்துக்குத்தான் வழியில்லை.

ஆதாரில் 01.01.1948. அந்த முகாமில் தேதி தெரியாத கிழவிகள் அத்தனை பேருக்கும் அதே ஜனவரி ஒண்ணுதான். பழைய வாக்காளர் அட்டையில் 1995-ல் வயது 40. அதை நம்பினால், 1962-ல் பெரியப்பா பிறந்தபோது ஆயாவுக்கு ஏழு வயசு.

ஆயாவிடமே கேட்டால், "வயசச் சொன்னா ஆயுசு கொறையும், போடா" என்று கையை வீசும்.

அந்தக் கையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். காடாம்புலியூரில் வாழ்க்கைப்பட்ட நாளிலிருந்து முந்திரிக்கொட்டை உடைத்த கை அது. விரலில் சாம்பலைத் தொட்டுக்கொண்டு, கொட்டையைக் கல்லில் நிறுத்தி, கட்டையால் ஒரே தட்டு. ஓடு பிளந்து பருப்பு முழுசாக வெளியே வரும். உடைந்த பருப்புக்குக் காசு கம்மி. நான் தட்டினால் ஓடும் பருப்பும் சேர்ந்து நசுங்கும், தலையில் ஒரு குட்டு விழும். ஓட்டு எண்ணெய் பட்டுப் பட்டு ஆயாவின் விரல் நுனியெல்லாம் கறுத்து, ரேகையே அழிந்துபோயிருந்தது. ரேஷன் கடை மிஷினில் பத்து விரலையும் மாற்றி மாற்றி வைத்துப் பார்ப்பார்கள், ஒன்றும் எடுக்காது. "அந்த டப்பா என்னை ஆளே இல்லைங்குதுடா" என்று சிரித்துக்கொண்டே வெறும் பையோடு வந்து திண்ணையில் உட்காரும்.

2011 டிசம்பர் 30 அன்று தானே புயலில் தோப்பு மொத்தமும் சாய்ந்தது. ஊரே தலையில் கையை வைத்துக்கொண்டு நின்றபோது, ஆயா மட்டும் விழுந்த பலாமரத்திலிருந்து பிஞ்சுகளைப் பறித்துக்கொண்டு வந்து குழம்பு வைத்தது. அழுததா என்று எனக்குத் தெரியாது. அன்றைக்குக் குழம்பில் உப்பு இல்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஆயா பிறந்தது புதுச்சேரிப் பக்கம் பாகூரில், அப்போது அது பிரெஞ்சுக்காரன் சீமை. "கொடி மாத்துன அன்னிக்கு" தன் தம்பியை இடுப்பில் தூக்கிக்கொண்டு போய் மிட்டாய் வாங்கிய கதையை நூறு தடவை சொல்லியிருக்கும். ரெண்டு பேருக்கும் சேர்த்து ஒரே மிட்டாய்தான் கொடுத்தார்களாம். அந்த ஆத்திரம் கடைசிவரை தீரவில்லை. அப்புறம், ஆனி மாசம் பிறந்தது என்றும், தமிழ் வருஷப் பெயர் 'பானு' என்று முடியும் என்றும் அத்தைக்கு ஞாபகம். இதை வைத்து ஏதாவது கண்டுபிடிக்க முடியுமா?

முத்தியால்பேட்டையான்:

பாகூரா? அப்ப கவலையை விடுங்க. பிரெஞ்சு ஆட்சியில் பிறப்பு, கல்யாணம், இறப்பு எல்லாவற்றையும் 'எத்தா சிவில்' பதிவேட்டில் ஏற்றி வைத்தார்கள். பாகூர் கொம்யூன் பஞ்சாயத்தில் பிறப்பு இறப்புப் பிரிவில் விசாரியுங்க. ஒன்று கவனம்: எல்லாம் பிரெஞ்சில், கூட்டெழுத்தில் இருக்கும். முருகன் என்ற பேரில் 'உ' ஓசை வரும் இடமெல்லாம் ஓ, யூ என்று ரெண்டு எழுத்து போட்டு, கடைசியில் ஒரு ஈ-யும் ஒட்டியிருப்பார்கள். நம்ம வழக்கப்படி எழுத்துக்கூட்டித் தேடினால் அகப்படாது. ஆயாவின் அப்பா பேரைச் சொல்லித் தேடச் சொல்லுங்க. எங்க பெரியம்மா பதிவு மூணாவது நடையில்தான் கிடைத்தது.

நெல்லிக்குப்பம் வாத்தியார் (ஓய்வு):

பானு என்று முடியும் வருஷம் அறுபதில் இரண்டுதான், அதுவும் அடுத்தடுத்து வருபவை. சித்திரபானு 1942 ஏப்ரலில் தொடங்கியது, சுபானு 1943-ல். ஆனி என்றால் ஜூன் நடுவிலிருந்து ஜூலை நடுவரை. ஆக 1942 அல்லது 1943. கொடி மாறிய வருஷம் 1954. பதினோரு, பன்னிரண்டு வயசுப் பெண் தம்பியைச் சுமந்தாள் என்பது பொருந்திவருகிறது. ஆனால் கொடி என்றதும், புதுச்சேரி இந்தியாவின் கைக்கு வந்த நவம்பர் 1 என்று முடிவு கட்டிவிடாதீர்கள் தம்பி. நெட்டப்பாக்கம், பாகூர் பக்கமெல்லாம் அதற்குச் சில மாதம் முன்பே, இந்தியாவோடு இணையப் போராடிய இணைப்புக்காரர்கள் கைக்கு வந்துவிட்டது. மிட்டாய் எப்போது கொடுத்தார்களோ!

உப்பனாறு:

இதுக்கு ஏன் இவ்வளவு அலைச்சல்? ஆதார் தேதியைப் போட்டுட்டுப் போங்க. நாளைக்கு வாரிசுச் சான்று, பட்டா மாற்றம்னு போகும்போது ரெண்டு தேதி இருந்தா இழுத்தடிப்பாங்க.

கெடிலக்கரை:

உப்பனாறு, வாரிசுச் சான்று வாங்கியாச்சு. எங்கள் வீட்டுக் கூடத்துச் சுவரைப் பார்க்கத் தாசில்தார் வரமாட்டார்.

கெடிலக்கரை (மூன்று வாரம் கழித்து):

முத்தியால்பேட்டையாருக்கு ஒரு பெரிய கும்பிடு. இரண்டாம் நடையிலேயே கிடைத்துவிட்டது. முதல் நாள் ஆயா பேரில் தேடி இல்லை என்றார்கள். அடுத்த தடவை கொள்ளுத்தாத்தா பேரில் தேடினார்கள். 1942 ஜூன் 27, விடிகாலை ஐந்து மணி. வாத்தியார் ஐயா சொன்ன அதே சித்திரபானு, ஆனி.

நகலை எடுத்துக்கொண்டு வந்து கூடத்தில் எல்லார் எதிரிலும் வாசித்தேன். அத்தைதான் முதலில் நிமிர்ந்து சுவரைப் பார்த்தது. தாத்தா படத்தில் தோற்றம் 1943 பிப்ரவரி. கொஞ்ச நேரம் ஆளாளுக்கு விரல் விட்டு எண்ணினோம். ஆயா எட்டு மாசம் மூத்தது!

ஆயுசு குறையும் என்று கையை வீசியது இதற்குத்தான். சண்டை வந்தால் தாத்தா, "சரிங்க, பெரிய மனுஷி சொன்னா சரிதான்" என்பார். கிண்டல் என்றே இத்தனை நாள் நினைத்திருந்தோம். அவருக்குத் தெரிந்திருக்குமோ என்று அப்பா இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார். அத்தை சிரித்துச் சிரித்து, கடைசியில் முந்தானையை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டது.

பெரியப்பா மட்டும், ரெண்டு படமும் பக்கத்தில் பக்கத்தில் மாட்டப்போவதால் வருகிறவன் போகிறவன் எல்லாம் கணக்குப் போடுவான், வருஷத்தை எழுதாதே என்கிறார். ஃப்ரேம் கடைக்கு நாளைக்குள் முடிவு சொல்ல வேண்டும். அத்தை நேற்றே போன் போட்டு, தேதியைக் கொட்டை எழுத்தில் போடச் சொல்லிவிட்டதாகக் கேள்வி.