மக்காச்சோளக் காட்டுப் பக்கம் பிடிக்கும் ஈசலைச் சாப்பிடலாமா?

வணக்கம் நண்பர்களே, விவரம் தெரிந்த அண்ணன், அக்கா யாராவது சொல்லுங்கள். மழை விட்டதும் எங்கள் ஊரில் ஈசல் புறப்பட்டுவிடும். விளக்கு வைத்து, கீழே அண்டாவில் தண்ணீர் ஊற்றிப் பிடித்து, சட்டியில் வறுத்து, முறத்தில் போட்டுப் புடைத்தால் இறக்கையெல்லாம் பறந்துபோகும், அப்புறம் பொரியும் பொட்டுக்கடலையும் உப்பும் மிளகாய்த்தூளும் கலந்தால் ஆளுக்கு ஒரு கை போதாது.

என் சந்தேகம் வேறு. 2018-ல் படைப்புழு வந்ததிலிருந்து சுற்றிலும் மக்காச்சோளத்துக்கு மருந்து அடித்துக்கொண்டே இருக்கிறார்கள், மழையும் முன்போல் காலத்துக்கு வருவதில்லை. புற்று இருப்பதோ வரப்பு ஓரம். 2020-ல் கென்யாவில் வெட்டுக்கிளி படை வந்தபோது, மருந்து தெளித்த பூச்சியைத் தின்ன வேண்டாம் என்றே எச்சரித்தார்கள். அப்படியானால் இந்த ஈசல்? வறுத்தால் விஷம் போய்விடும் என்று சித்தப்பா அடித்துச் சொல்கிறார், எனக்கு நம்பிக்கையில்லை. இதைப் பரிசோதித்துச் சொல்லும் ஆய்வகம் எங்கே இருக்கிறது, எவ்வளவு ஈசலைக் கொடுத்தனுப்ப வேண்டும்?

இன்னொன்று, வீட்டம்மாவுக்கு இறால் ஒத்துக்கொள்ளாது. அப்படிப்பட்டவர்களுக்குப் பூச்சியும் ஒவ்வாமை தரலாம் என்று படித்தேன். யாருக்காவது அனுபவம் உண்டா?

சிங்கப்பூரில் 2024-ல் 16 வகைப் பூச்சிகளை உணவாக விற்க அனுமதித்தார்கள், வெட்டுக்கிளியும் பட்டுப்புழுவும் அதில் உண்டு. அங்கே இருப்பவர்கள், பண்ணையில் வளர்த்தது வாங்கிச் சாப்பிட்டிருந்தால் ருசியையும் விலையையும் சொல்லுங்கள். "உவ்வே" மட்டும் போட வருபவர்கள் தயவுசெய்து தாண்டிப் போய்விடுங்கள்.