40 சதவீதம் இல்லையென்றால் தேர்வில் கூடுதல் நேரம் கிடையாதா?

கரும்பலகை:
பத்தாம் வகுப்பு மாணவர். வலக்கையில் நரம்புப் பாதிப்பு, அரசு மருத்துவமனைச் சான்றிதழில் 30% என்று போட்டிருக்கிறது. "40 இருந்தால்தான் சொல்வதை எழுதுபவர், கூடுதல் நேரம் எல்லாம்" என்று பள்ளியில் கைவிரித்துவிட்டார்கள். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் தேர்வு பற்றிய பிரிவைப் புரட்டினால் 40 என்ற எண்ணே கண்ணில் படவில்லை. இந்த 40 எங்கிருந்து வந்தது? இப்போதும் செல்லுமா?

பிரிவு பதினேழு:
பழைய சட்டத்தின் மிச்சம் அது. 1995 சட்டத்தில் மாற்றுத்திறனாளி யார் என்ற வரையறைக்குள்ளேயே, பிரிவு 2(டி)-யில், 40% உட்கார்ந்திருந்தது. 39% என்றால் சட்டத்தின் கணக்கில் நீங்கள் மாற்றுத்திறனாளியே அல்ல. அதிலும் ஏழே வகைக் குறைபாடுகள்தான். கற்றல் குறைபாடும் ஆட்டிசமும் பட்டியலிலேயே இல்லை.

2007 அக்டோபரில் மாற்றுத்திறனாளிகள் உரிமைக்கான ஐ.நா. உடன்படிக்கையை இந்தியா ஏற்ற பிறகு சட்டத்தை மாற்றியாக வேண்டிய நிலை. புதிய சட்டம், அதாவது நீங்கள் புரட்டிய 2016 சட்டம், 2017 ஏப்ரல் 19 அன்று அமலுக்கு வந்தது. ஏழு வகை 21 ஆனது என்பதைத்தான் எல்லோரும் சொல்வார்கள். என்னைக் கேட்டால் அதைவிடப் பெரிய மாற்றம், வரையறையை இரண்டாகப் பிரித்தது. 2(எஸ்)-இன்படி நீண்டகாலக் குறைபாடு இருந்து, சுற்றியுள்ள தடைகளால் மற்றவர்களுக்குச் சமமாக இயங்க முடியாதவர் மாற்றுத்திறனாளி. சதவீதப் பேச்சே இல்லை. 40% என்பது 2(ஆர்)-இல், சில சலுகைகளுக்கு மட்டுமான தனி வரையறையாக வருகிறது.

கல்வியில் அந்த 40 தேவைப்படும் இடங்கள்: 6 முதல் 18 வயது வரை இலவசக் கல்வி (பிரிவு 31), உயர்கல்வியில் 5% இடஒதுக்கீடும் ஐந்தாண்டு வயதுத் தளர்வும் (பிரிவு 32). கூடுதல் நேரம், எழுதுபவர், இரண்டாம் மூன்றாம் மொழிப் பாட விலக்கு எல்லாம் 17(ஐ)-இல் உள்ளன. அங்கே 40 கிடையாது. நீங்கள் படித்தது சரிதான்.

அப்புறம் ஏன் குழப்பம் என்றால், 2018 ஆகஸ்ட் 29 அன்று மத்திய அரசு வெளியிட்ட தேர்வு வழிகாட்டுதல் 40 அல்லது அதற்கு மேல் உள்ளவர்களை மட்டும் கணக்கில் எடுத்தது. சட்டம் திறந்த கதவைச் சுற்றறிக்கை சாத்திவிட்டது. 2021 பிப்ரவரி 11 அன்று விகாஷ் குமார் எதிர் யுபிஎஸ்சி வழக்கில் உச்ச நீதிமன்றம், 40% இல்லை என்பதற்காக எழுதுபவரை மறுக்க முடியாது என்றது. அதன் விளைவுதான் 40-க்குக் கீழ் உள்ளவர்களுக்கான 2022 ஆகஸ்ட் 10 வழிகாட்டுதல். 2025 பிப்ரவரியில் குல்ஷன் குமார் வழக்கில் இதையே இன்னும் அழுத்தமாகச் சொன்னார்கள், அவருக்கு இருந்தது 25% குறைபாடுதான்.

தேர்வறை:
மேலே சொன்னது சட்டம். நடைமுறையில் விண்ணப்பம் இடிபடுவது சான்றிதழில்தான். "வலக்கை, 30%" என்று மட்டும் இருந்தால், தேர்வு அலுவலகம் அதிலிருந்து எதையும் முடிவு செய்யாது. எழுதுவதில் சிரமம் உண்டு, எழுதுபவர் தேவை என்ற வரி வேண்டும். 2022 வழிகாட்டுதலோடு வந்த சான்றிதழ் படிவத்துக்கு ஒரே மருத்துவர் கையெழுத்துப் போதவில்லை; பல உறுப்பினர் குழு கையெழுத்திட வேண்டியிருந்தது. அதற்கே நாளாகும், இப்போதே தொடங்குங்கள்.

பொதுத் தேர்வுக்கான அனுமதி அரசுத் தேர்வுகள் இயக்ககத்திலிருந்து வர வேண்டும், விண்ணப்பம் பள்ளி வழியாகப் போகும். பெயர்ப் பட்டியல் தயாராகும் போதே இதுவும் போய்விட வேண்டும். மத்திய வழிகாட்டுதலில் மணிக்குக் குறைந்தது 20 நிமிடம், அதாவது மூன்று மணித் தேர்வுக்கு ஒரு மணி. எழுதுபவரின் கல்வித்தகுதி விதி அடிக்கடி மாறுகிறது, அந்த ஆண்டு அறிவிப்பைப் பார்த்துவிட்டு ஆளைத் தேடுங்கள்.

அனுமதி ஆணையின் நகல் மாணவர் கையில் இருக்கட்டும். 2021 நீட் தேர்வில் டிஸ்கிராஃபியா (எழுதுவதில் சிரமம் தரும் கற்றல் குறைபாடு) உள்ள ஒரு மாணவிக்குச் சட்டப்படி கூடுதலாக ஒரு மணி நேரம் உண்டு. மையத்தில் மற்றவர்களோடு சேர்த்தே விடைத்தாளை வாங்கிவிட்டார்கள். உச்ச நீதிமன்றம் வரை போயும் (அவ்னி பிரகாஷ் வழக்கு) மறுதேர்வு கிடைக்கவில்லை, இழப்பைச் சரிக்கட்ட வழி பாருங்கள் என்று தேர்வு முகமைக்கு உத்தரவு மட்டும்தான். மைய அலுவலர்களுக்கு விதி தெரியாததுதான் அங்கே கோளாறு.

மொழிவிலக்கு:
டிஸ்லெக்ஸியா போன்ற கற்றல் குறைபாடு உள்ளவர்கள் இந்த இழையைப் படித்தால் ஒரு விஷயம். 2018 ஜனவரி மதிப்பீட்டு விதிப்படி சான்றிதழ் 8 வயதுக்கு மேல்தான். 14 வயதில் ஒருமுறை, 18 வயதில் ஒருமுறை மறுமதிப்பீடு. ஒன்பது வயதில் வாங்கியதைப் பத்தாம் வகுப்பில் நீட்டினால் திருப்பி அனுப்புவது இதனால்தான். விதிகள் பிறகு திருத்தப்பட்டுள்ளன, மருத்துவமனையில் நடப்பு விதியைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

கரும்பலகை:
மிக்க நன்றி. இது தனியார் பள்ளி. அனுப்பவே மாட்டோம் என்றால்?

பிரிவு பதினேழு:
பிரிவு 16 அரசு நிதி பெறும் பள்ளிகளுக்கு மட்டுமல்ல, அங்கீகாரம் பெற்ற எல்லாப் பள்ளிகளுக்கும் பொருந்தும். தனியார் என்பதால் தப்ப முடியாது. 16, 17(ஐ), 2(எஸ்) மூன்றையும் குறிப்பிட்டு தலைமையாசிரியருக்குக் கடிதம் கொடுத்து, நகலில் முத்திரையோடு ஒப்புகை வாங்குங்கள். அசையவில்லையென்றால் முதன்மைக் கல்வி அலுவலர், அதன்பின் மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையர். விசாரணையில் ஆணையருக்கு உரிமையியல் நீதிமன்ற அதிகாரம் உண்டு. பிரிவு 89-இன்படி முதல் மீறலுக்கு ரூ.10,000 வரை, மீண்டும் செய்தால் ரூ.50,000 முதல் 5 லட்சம் வரை அபராதம். வாயால் மறுத்தால் அன்றே "இன்று இன்ன காரணம் சொல்லி மறுத்தீர்கள்" என்று பள்ளிக்கு ஒரு மின்னஞ்சல் போட்டுவையுங்கள். ஆணையரிடம் போகும்போது காட்ட ஒரு காகிதம் வேண்டுமே.