டயோடு லேசரில் ஈறு குறைப்பு: எலும்பையும் தொட வேண்டுமா?

கேள்வி: நோயாளி சிரித்தால் மேல் ஈறு அதிகம் தெரிகிறது, முன்பற்களின் மேல் 2 மி.மீ. இறங்கியிருக்கிறது. டயோடில் (ஈறு போன்ற மென்திசுவை வெட்டும் லேசர்) ஈறை வெட்டினால் மட்டும் போதுமா சார்?

பதில் 1: மரப்பு ஊசி போட்டபின் புரோபை (அளவுக்கோடு போட்ட மெல்லிய கம்பி) எலும்பு தட்டும்வரை இறக்கி அளந்து பாருங்கள். வெட்டியபின் ஈறு விளிம்புக்கும் எலும்புக்கும் நடுவே சுமார் 3 மி.மீ. மிஞ்ச வேண்டும். குறைந்தால் ஈறு மறுபடி இறங்கிவிடும், அல்லது சிவந்து வீங்கியே கிடக்கும். பலர் கோட்டைவிடுவது இங்கேதான்.

பதில் 2: 3 மி.மீ. மிஞ்சாவிட்டால் எலும்பையும் குறைக்கத்தான் வேண்டும். அதற்கு டயோடு ஆகாது, சூட்டில் எலும்பு செத்துவிடும். எலும்பை வெட்டும் எர்பியம் யாக் லேசரை (அலைநீளம் 2940 நா.மீ.) தண்ணீர்த் தெளிப்போடு பயன்படுத்துங்கள்.

பதில் 3: டயோடு லேசரின் நுனியை ஓரிடத்தில் நிறுத்தாதீர்கள், தூரிகைபோல் நகர்த்துங்கள். கரி படிந்தால் ஈரப் பஞ்சால் துடையுங்கள். பல்லோடு ஒட்டிய கெட்டி ஈறு 2 மி.மீ.யாவது மிஞ்சாதென்றால் லேசரே வேண்டாம்.