முப்பது பேர் விருந்து: பேர்பெற்ற உணவகமா, தனி அறையா?

தென்றல்வழி:
அப்பா அடுத்த மாதம் பணி ஓய்வு பெறுகிறார். குடும்பம், அவருடைய அலுவலக நண்பர்கள் எல்லாரும் சேர்ந்து முப்பது பேர் வருவார்கள். மூன்று வயதுக் குழந்தையும் உண்டு, எண்பதைத் தாண்டிய பெரியப்பாவும் உண்டு.

இரண்டு இடங்கள் பார்த்து வைத்திருக்கிறோம். ஒன்று, நகர மையத்தில் உள்ள பேர்பெற்ற உணவகம். பொதுக் கூடத்தில் மேசைகளைச் சேர்த்துப் போட்டு ஒரே வரிசையாக உட்கார வைக்கிறோம், அவரவர் விரும்பியதை ஆர்டர் செய்துகொள்ளலாம் என்கிறார்கள். இன்னொன்று அவ்வளவாகப் பேசப்படாத இடம். அங்கே தனி அறை கிடைக்கும். ஆனால் மெனுவை முன்கூட்டியே முடிவு செய்துவிட வேண்டும், குறைந்தபட்சம் இவ்வளவு தொகைக்குச் சாப்பிட வேண்டும் என்ற நிபந்தனையும் உண்டு.

நான் முதல் இடத்தின் பக்கம். விருந்து முடிந்து வீட்டுக்குப் போகிறவர்கள் பேசுவது சாப்பாட்டைப் பற்றித்தான். அது நன்றாக அமைந்தால் மற்றதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். தம்பி இதை ஒத்துக்கொள்ளவே மாட்டேன் என்கிறான். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

ஓரநாற்காலி:
தம்பி சொல்வதுதான் சரி. முதலில் அந்த ஒரே வரிசை மேசையைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். முழங்கை இடிக்காமல் சாப்பிட ஒருவருக்கு இரண்டடி அகலம் வேண்டும். பக்கத்துக்குப் பதினைந்து பேர் என்றால் மேசை 30 அடி நீளம். அப்பா நடுவில் உட்கார்ந்தாலும் கடைசி நாற்காலிக்காரர் அவரிடமிருந்து கிட்டத்தட்ட 15 அடி தள்ளி இருப்பார். அவர் அப்பாவின் விருந்துக்கு வந்தார் என்பது புகைப்படத்தில் மட்டும்தான் தெரியும்.

மனிதர்கள் இயல்பாகக் கூடிப் பேசும்போது ஒரு பேச்சில் சுமார் நான்கு பேருக்கு மேல் தங்குவதில்லை என்று மானிடவியலாளர் ராபின் டன்பாரும் அவருடன் ஆய்வு செய்தவர்களும் 1995-இல் எழுதினார்கள். ஐந்தாவது ஆள் வந்ததும் பேச்சு இரண்டாகப் பிரிய ஆரம்பிக்கிறது. ஆக, 30 அடி மேசை போட்டாலும் அங்கே நடப்பது ஏழெட்டுத் தனித்தனிப் பேச்சுகள். ஐந்தடி விட்டமுள்ள வட்ட மேசையில் எட்டுப் பேர் வசதியாக உட்காரலாம். அப்படி நான்கு மேசை போட்டால் முப்பது பேருக்கும் இடம் இருக்கும், அப்பா ஒவ்வொரு மேசைக்கும் போய் உட்கார்ந்து பேசவும் முடியும். நிரம்பி வழியும் கூடத்தில் அப்படி நான்கு மேசை ஒதுக்கித் தருவது கடினம்.

அடுத்தது சத்தம். இதற்காகத்தான் முக்கியமாக எழுதுகிறேன். சாதாரணப் பேச்சு சுமார் 60 டெசிபல். கூட்டம் நிறைந்த கூடம் 80-ஐத் தொடுவது சர்வ சாதாரணம். சுற்றிலும் இரைச்சல் கூடினால் நாம் அறியாமலே குரலை உயர்த்துகிறோம். எத்தியென் லொம்பார் என்ற பிரெஞ்சு மருத்துவர் 1911-இலேயே சொன்னது இது. நாம் உயர்த்த, பக்கத்து மேசை உயர்த்த, அது ஏறிக்கொண்டே போகும்.

என் அத்தை காதுக் கருவி போட்டுக்கொள்பவர். இப்படி ஒரு கூடத்தில் நடந்த விருந்தில் பக்கத்தில் இருந்தவர் எதைச் சொன்னாலும் சிரித்துத் தலையாட்டிக்கொண்டே இருந்தார். கொஞ்ச நேரத்தில் கருவியைக் கழற்றி, கைக்குட்டையில் மடித்து, கைப்பைக்குள் வைத்துவிட்டார். அப்புறம் தட்டைப் பார்த்தே சாப்பிட்டு முடித்தார். அந்த உணவகத்தின் சாப்பாடு அருமை என்று இன்றும் எல்லாரும் சொல்கிறார்கள். அத்தையிடம் யாரும் கேட்கவில்லை. உங்கள் பெரியப்பாவை நினைத்துப் பாருங்கள்.

மழைக்காலம்:
நான் இதற்கு நேர் எதிர். தனி அறை என்றதும் மனதில் வருவது ஒன்று, நேரில் கிடைப்பது இன்னொன்று. பல இடங்களில் அது விருந்துக்கென்று திட்டமிட்டுக் கட்டிய அறை இல்லை, மாடியிலோ நிலவறையிலோ மிஞ்சிப்போன இடம். ஜன்னல் இருக்காது. கழிப்பறைக்குப் படியிறங்க வேண்டும், அதுவும் எண்பது வயதுக்காரர். சர்வர் ஒருமுறை வந்து போனால் தண்ணீர் கேட்கக்கூட யாராவது எழுந்து போக வேண்டியிருக்கும். கூடத்தில் கையைத் தூக்கினால் போதும், ஒருவர் இல்லாவிட்டால் இன்னொருவர் வருவார்.

சத்தத்தையும் ஓரநாற்காலி பாதிதான் சொன்னார். லொம்பார் சொன்னது தனி அறைக்குப் பொருந்தாதா? தாழ்ந்த கூரை, வெற்றுச் சுவர், கண்ணாடிக் கதவு என்று ஒரு சின்ன அறையில் முப்பது பேரை உட்கார வைத்துப் பாருங்கள். உயரமான கூடத்தைவிட அங்கேதான் காது வலிக்கும்.

இன்னொன்று, கொண்டாட்டத்துக்கு ஊர் வேண்டும். அப்பா கேக் வெட்டும்போது பக்கத்து மேசையில் இருக்கும் முன்பின் தெரியாதவர்களும் திரும்பிப் பார்த்துக் கைதட்டுவார்கள். அந்த முகமலர்ச்சி பூட்டிய அறைக்குள் வராது. அமைதிதான் முக்கியம் என்றால் வீட்டிலேயே வைத்துக்கொள்ளலாமே, நகரத்துக்கு எதற்குப் போக வேண்டும்?

அடுப்படிக்காரன்:
உணவகச் சமையலறையில் வேலை பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன். நீங்கள் இருவரும் நாற்காலிப் பக்கத்திலிருந்து மட்டுமே பார்க்கிறீர்கள். உள்ளே என்ன நடக்கிறது என்பதையும் பாருங்கள்.

சனிக்கிழமை இரவு எட்டு மணி. கூடம் நிரம்பியிருக்கிறது. அடுப்புகள் எல்லாம் ஓடுகின்றன. அந்த நேரத்தில் முப்பது தனித்தனி ஆர்டர்கள் ஒரே மேசையிலிருந்து வருகின்றன. ஒரு மேசைக்குரிய சாப்பாடு ஒன்றாகப் போக வேண்டும் என்பது அடிப்படை விதி. அப்படியென்றால் சீக்கிரம் ஆகிற பதார்த்தம், நேரம் எடுக்கிற பதார்த்தத்துக்காகக் காத்திருக்க வேண்டும். முதலில் தயாரான தட்டு சூட்டு விளக்கின் கீழ் நிற்கும். மொறுமொறுப்பாக எடுத்தது நமத்துப்போகும், குழம்பின் மேல் ஆடை கட்டும். காத்திருக்க வேண்டாம் என்று தயாராக ஆக அனுப்பினால் பாதிப் பேர் சாப்பிட்டு முடித்த பிறகு மீதிப் பேருக்குத் தட்டு வரும். எந்தச் சமையல்காரரும் வேண்டுமென்று இப்படிச் செய்வதில்லை. அடுப்பின் எண்ணிக்கை அவ்வளவுதான்.

தென்றல்வழி, அந்த உணவகத்தின் ருசி என்று நீங்கள் நினைவில் வைத்திருப்பது நாலு பேராகப் போனபோது கிடைத்த ருசி. முப்பது பேருக்கும் அதே ருசி வரும் என்று உத்தரவாதம் கிடையாது. பெரிய குழுக்களுக்குப் பழகிய சமையலறையா என்பதுதான் கேள்வி. பேர் இதற்கு விடை சொல்லாது.

மழைக்காலம்:
அதற்காக நிலையான மெனுவா? காத்திருந்தாலும் கெடாத பதார்த்தங்களைத்தான் அதில் போடுவார்கள். எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இருப்பது அதனால்தான். முப்பது பேர் என்ன சாப்பிட வேண்டும் என்று ஒருவர் உட்கார்ந்து முடிவு செய்வது எனக்கு ஒப்பவில்லை. விருந்தாளியிடம் என்ன வேண்டும் என்று கேட்பதுதானே முதல் மரியாதை?

அடுப்படிக்காரன்:
கேட்கலாம், ஆனால் முன்னாலேயே கேளுங்கள். தொடக்கம், முக்கிய உணவு, இனிப்பு என்று ஒவ்வொரு கட்டத்துக்கும் மூன்று தேர்வு கொடுத்து, யாருக்கு எது என்று சில நாள் முன்பே எண்ணிக்கையாகச் சொல்லிவிட்டால் சமையலறைக்கு அது பெரிய உதவி. அவரவர் இடத்தில் பெயர் அட்டை வைத்து அதில் எது என்று குறித்துவிட்டால் சர்வர் கூவிக்கூவிக் கேட்க வேண்டியதில்லை. அல்லது பெரிய தட்டுகளாக மேசை நடுவில் வைத்துப் பகிர்ந்துகொள்ளுங்கள், நாலைந்து பேருக்கு ஒரு தட்டு. இது நன்றாக நடப்பதைப் பார்த்திருக்கிறேன்.

பகிர்ந்து சாப்பிடுவதில் ஒரு ஆபத்து உண்டு, அது ஒவ்வாமை. ஒரே கரண்டி எல்லாத் தட்டுக்கும் போய்வரும். வேர்க்கடலை ஒத்துக்கொள்ளாதவர் ஒருவர் இருந்தாலும் அவருக்குத் தனித்தட்டு, தனிக்கரண்டி என்று எழுத்தில் சொல்லிவிடுங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2014 டிசம்பரிலிருந்து உணவகங்களும் 14 ஒவ்வாமைப் பொருள்களைப் பற்றிக் கட்டாயம் தகவல் தர வேண்டும். வேர்க்கடலை, பால், முட்டை, மீன், எள், குளூட்டன் என்ற பசையப் புரதம் உள்ள கோதுமை முதலான தானியங்கள் எல்லாம் அதில் அடங்கும். நீங்கள் எங்கே இருந்தாலும் விருந்தாளிகளிடம் கேட்க அந்தப் பட்டியல் உதவும்.

வரிசையில் நின்று எடுத்துக்கொள்ளும் முறை வேண்டும் என்றால் எச்சரிக்கையாக இருங்கள். சமைத்தது 60 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாக இருக்க வேண்டும், சாதாரண அறை வெப்பத்தில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்கக்கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். பேச்சும் பாராட்டும் நீளும் விருந்தில் அந்த இரண்டு மணி நேரம் போவதே தெரியாது.

வரவுசெலவு:
யாரும் பில்லைப் பற்றிப் பேசவில்லையே. அப்பாவின் நண்பர்கள் பங்கு போட்டுக் கொடுப்பதாக இருந்தால் முதல் இடத்தில் பிரச்சினை வரும். பொருளியலாளர் யூரி க்னீசியும் இரண்டு சகாக்களும் 2004-இல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். அவரவர் பில்லை அவரவர் கட்டியபோது ஆனதைவிட, மொத்தத்தைச் சமமாகப் பிரித்தபோது தலைக்கு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கூடுதலாகச் செலவானது. ஆறு பேர் குழுக்களில் நடந்த சோதனை அது. முப்பது பேரில், வெறும் சூப் குடித்தவரும் விலை கூடிய பதார்த்தம் கேட்டவரும் ஒரே தொகை கொடுக்க நேர்ந்தால் மனக்கசப்புதான் மிஞ்சும். மெனுவை முன்பே முடிவு செய்தால் தலைக்கு இவ்வளவு என்று முதலிலேயே தெரிந்துவிடும்.

குறைந்தபட்சத் தொகை என்றதும் பலர் பயப்படுகிறார்கள். அதை முப்பதால் வகுத்துப் பாருங்கள். எப்படியும் ஆகப்போகிற செலவுக்குப் பக்கத்தில் இருந்தால் அறை கிட்டத்தட்ட இலவசம். ஆனால் சேவைக் கட்டணமும் வரியும் அந்தத் தொகைக்குள்ளா, அதற்கு மேலா என்று எழுதி வாங்குங்கள். இருபத்தாறு பேர்தான் வந்தால் முப்பது பேருக்கும் கட்ட வேண்டுமா, எண்ணிக்கையை மாற்றக் கடைசி நாள் எது, வெளியிலிருந்து கேக் கொண்டுவந்தால் தனிக் கட்டணமா, முன்பணம் திரும்ப வருமா என்பதையும் கேளுங்கள். தொலைபேசியில் பேசியது போதாது.

மழைக்காலம்:
பணக் கணக்கை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் குறைந்தபட்சத் தொகையை எட்டவில்லை என்று கடைசியில் தேவையில்லாததை எல்லாம் ஆர்டர் செய்து மேசையில் மீதம் வைத்துவிட்டுப் போவதை நான் பார்த்திருக்கிறேன். அது எனக்கு வருத்தமான காட்சி.

ஓரநாற்காலி:
மழைக்காலம் தனி அறையைப் பற்றிச் சொன்னதில் ஒன்று உண்மை. பார்க்காமல் அறையை எடுக்கவே கூடாது. நடுவில் நின்று ஒருமுறை கைதட்டிப் பாருங்கள். ஓசை சட்டென்று அடங்கினால் நல்ல அறை. சுவருக்குச் சுவர் அதிர்ந்து நீண்டால் வேண்டாம். கனமான திரைச்சீலை, தரைவிரிப்பு, துணி தைத்த நாற்காலி இருந்தால் நல்லது. சத்தத்தை அவை விழுங்கும்.

ஆனாலும் ஒரு வித்தியாசத்தை நீங்கள் கடந்து போய்விட்டீர்கள். அறை உங்களுடையது என்றால் இசையை நிறுத்தச் சொல்லலாம். யாராவது எழுந்து அப்பாவைப் பற்றி நாலு வார்த்தை பேசினால் எல்லாருக்கும் கேட்கும். கூடத்தில் அதைச் செய்ய முடியாது. சக ஊழியர்கள் வந்து உட்கார்ந்து, அவரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் சாப்பிட்டுவிட்டுப் போனால் அது வெறும் இரவுச் சாப்பாடு. கைதட்டும் பக்கத்து மேசைக்காரருக்கு அப்பா யார் என்று தெரியாது. பேச வேண்டியவர்கள் வந்திருக்கிறார்கள், அவர்களுக்கு இடம் கொடுங்கள்.

தென்றல்வழி:
எல்லாருக்கும் நன்றி. இன்று இரண்டு இடத்துக்கும் பேசினேன். பேர்பெற்ற இடத்தில் சனி இரவு என்றால் இரண்டு மணி நேரத்தில் மேசையைக் காலி செய்ய வேண்டுமாம். இதை முதலில் சொல்லவே இல்லை. ஞாயிறு மதியம் என்றால் கூடத்தின் ஒரு பகுதியை வட்ட மேசைகளோடு ஒதுக்கித் தருகிறோம், நேர வரம்பு கிடையாது, மெனுவைச் சுருக்கி முன்பே கொடுங்கள் என்கிறார்கள். தனி அறை தரைத்தளத்தில்தான் இருக்கிறது, கழிப்பறையும் பக்கத்திலேயே. வியாழக்கிழமை போய்க் கைதட்டிப் பார்க்கிறேன்.

சாப்பாடு முக்கியம் என்பதில் நான் மாறவில்லை. ஆனால் அப்பாவைப் பற்றிப் பேச நாலைந்து பேர் இப்போதே தயாராகிக்கொண்டிருக்கிறார்கள், அதை விட்டுக்கொடுக்க முடியாது.

மழைக்காலம்:
ஞாயிறு மதியத்துக்கே என் ஓட்டு. சமையலறைக்கும் மூச்சுவிட நேரம் இருக்கும், பெரியப்பாவும் இருட்டுவதற்குள் வீடு திரும்பலாம். ஒதுக்கித் தரும் பகுதிக்குப் பக்கத்தில் அன்று வேறு பெரிய குழு வருகிறதா என்று மட்டும் கேட்டுவிடுங்கள்.

ஓரநாற்காலி:
வியாழக்கிழமை போகாதீர்கள். ஞாயிறு மதியம், விருந்து நடக்கப்போகிற அதே நேரத்தில் இரண்டு இடத்துக்கும் போங்கள். முடிந்தால் பெரியப்பாவையும் கூட்டிப் போங்கள். எது என்று அவரே சொல்லட்டும்.