98 கிலோ, பிரஷர், சீனி: மலை ஏறித்தான் எடை குறைக்க வேண்டுமா?

லிந்துலை_தங்கச்சி:
அண்ணனுக்காகக் கேட்கிறேன். வயது 46, லொறி சாரதி. உயரம் 165 செ.மீ., எடை 98 கிலோ. சீனி வருத்தம் வந்து நாலு வருடம். பிரஷர் 158/98, எச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரிச் சீனி அளவு) 8.9. மருந்து: சீனிக்கு மெட்ஃபோமின் 500 இரண்டு வேளை, கிளிக்லசைட் 80 காலையில், பிரஷருக்கு லொசார்டன் 50, கொலஸ்ட்ரோலுக்கு அட்டர்வஸ்டடின் 20. அப்பா 52 வயதில் மாரடைப்பில் போனவர். ஈசிஜி நார்மல் என்று கிளினிக்கில் சொன்னதும், நாளைக் காலை 5 மணியிலிருந்து தேயிலைக்குள் போகும் குறுக்குப் பாதையால் உச்சிக் கோயில் வரை ஏறி இறங்கப் போகிறாராம். விடலாமா?

டிக்கோயா_காற்று:
தாராளமாக விடுங்கள் தங்கச்சி. கொழுந்தெடுக்கும் அக்காமார் கூடையோடு நாள் முழுக்க ஏறும் சரிவுதானே அது? ஏற்றம் நெஞ்சுக்கும் நுரையீரலுக்கும் வேலை கொடுக்கும். இறக்கத்திலும் லாபம் இருக்கிறது. ஆல்ப்ஸ் மலையில் செய்த ஆய்வில், இறங்கி மட்டும் நடந்தவர்களின் உடல்கூடச் சீனியை நன்றாகச் சமாளித்தது. வாசலில் மலையை வைத்துக்கொண்டு ஜிம்முக்குக் காசு கட்டுவானேன்?

பதுளை_பிசியோ:
டிக்கோயா அண்ணன், அந்த அக்காமார் 18 வயதிலிருந்து ஏறிப் பழகியவர்கள். இவர் ஸ்டியரிங்குக்குப் பின்னால் இருபது வருடம் உட்கார்ந்தவர். இரண்டும் ஒரே உடம்பா?

ஈசிஜி எடுத்தது படுக்க வைத்து. குழாய் பாதிக்கு மேல் அடைத்திருந்தாலும் ஓய்வில் கோடு சுத்தமாக வரலாம். இதயம் கூடுதல் இரத்தம் கேட்கும்போதுதான் குறை தெரியும். 55க்கு முன் அப்பாவுக்கு மாரடைப்பு, கூடவே சீனி, பிரஷர், இந்த எடை. ஏற்றம் தொடங்குமுன் டிரெட்மில் ஈசிஜிக்கு (ஓடும் பட்டையில் நடக்கவைத்து எடுப்பது) கடிதம் தரச் சொல்லி கிளினிக்கில் கேளுங்கள்.

கணக்காகவே பார்ப்போம். சும்மா உட்கார்ந்திருக்க உடம்புக்கு வேண்டிய ஒட்சிசனை 1 மெட் என்பார்கள். மட்டமான ரோட்டில் மணிக்கு 5 கி.மீ. நடந்தால் ஏறக்குறைய 3.4 மெட். அதே வேகத்தில், 100 அடிக்கு 10 அடி உயரும் சரிவில் 7.7. வேகத்தை 3 கி.மீ. ஆக்கினால்கூட அந்தச் சரிவு 5 மெட் கேட்கும். தோட்டக் குறுக்கு அதைவிடச் செங்குத்து. முதல் நாளே இது தேவையா?

காலை 5 மணி வேண்டவே வேண்டாம். குளிரில் தோலடி நாளங்கள் சுருங்கும், பிரஷர் ஏறும், நெஞ்சுவலிக்கு வழி திறக்கும். தை, மாசியில் நுவரெலியாப் பக்கம் புல்லில் உறைபனி கிடக்கும் நேரம் அது. வெயில் விழுந்து 8 மணிக்குப் பிறகு போகட்டும்.

கோதம்பமா_எதிரி:
ஏற்றமா மட்டமா என்று நீங்கள் அடிபடுங்கள். எடை குறைவது தட்டில். 98 கிலோ ஆள் மட்ட ரோட்டில் அரை மணி நடந்தால் சுமார் 165 கலோரி. 100 கிராம் மாவும் ஒரு பிடி தேங்காய்த் துருவலும் போட்ட ஒரு ரொட்டி 430. நடந்தது அரை ரொட்டிக்குக்கூடக் காணாது. தேத்தண்ணியையும் எண்ணுங்கள்: ஆறு கோப்பை, கோப்பைக்கு இரண்டு கரண்டி சீனி என்றால் மட்டம் தட்டியே 50 கிராம், 200 கலோரி. அதை நிறுத்த ஒரு அடிகூட ஏற வேண்டாம்.

பிரித்தானியாவில் 2017இல் வெளியான டைரெக்ட் ஆய்வைப் பாருங்கள். நாளுக்கு 825 முதல் 853 கலோரி, 3 முதல் 5 மாதம். வருட முடிவில் 46 வீதமானோர் மருந்தே இல்லாமல் எச்பிஏ1சி 6.5க்குக் கீழே. 15 கிலோவும் அதற்கு மேலும் குறைத்தவர்களில் 86 வீதம். வருத்தம் வந்து 6 வருடத்துக்குள் இருந்தவர்களைத்தான் எடுத்தார்கள். இவருக்கு நாலு வருடம், பொருந்துகிறது. நாளைக்கே ரொட்டியையும் சோற்றையும் வெட்டுங்கள், 800 கலோரி.

மருந்துச்சிட்டு:
நில்லுங்கள். அந்த ஆய்வில் முதல் நாளே சீனிக் குளிசைகளையும் பிரஷர் குளிசைகளையும் நிறுத்தினார்கள், டாக்டர் பார்வையில். அதை விட்டுவிட்டு 800ஐ மட்டும் எடுத்துச் சொல்லாதீர்கள். அவர்கள் குடித்ததும் விற்றமின், உப்புச்சத்து எல்லாம் கணக்காகச் சேர்த்த கரைசல். பாதி ரொட்டியும் வெறும் தேத்தண்ணியும் அல்ல.

கிளிக்லசைட் வயிற்றில் சோறு இருக்கிறதா என்று பார்க்காது, கணையத்தை அமுக்கி இன்சுலினை வெளியேற்றும். குளிசை அதே அளவில் இருக்க, சாப்பாடு பாதியானால் 11 மணிக்கு வியர்வை, கை நடுக்கம், பேச்சில் குழறல். ஆள் லொறி சாரதி, ரம்பொடை மலை ரோட்டு வளைவுகளை யோசித்துப் பாருங்கள். மெட்ஃபோமின் தனியாக இப்படி இறக்குவது அரிது. லொசார்டனோடு நீரும் உப்பும் சாப்பாடும் குறைந்தால் எழும்பும்போது தலை சுற்றும். வாந்தி, வயிற்றோட்டம் வந்த நாட்களில் மெட்ஃபோமினையும் லொசார்டனையும் தற்காலிகமாக நிறுத்துவதா என்று கிளினிக்கில் முன்கூட்டியே கேட்டு எழுதி வாங்கி வைக்க வேண்டும்.

டிக்கோயா_காற்று:
சரி, குறுக்கு வேண்டாம். ஆனால் மலைநாட்டில் மட்ட ரோடு எங்கே இருக்கிறது? ரயில் பாதையைச் சொல்வீர்களா? மலைப் பாதையே 44 அடிக்கு 1 அடி என்ற ஏற்றத்துக்கு மேல் போகாமல் போட்டது.

பதுளை_பிசியோ:
சரிவு என்னவோ சரிதான். ஆனால் சிலிப்பர் கட்டை இடைவெளி ஆளின் எட்டுக்கு ஒத்துவராது, சல்லி கணுக்காலைப் புரட்டும், பனிமூட்டத்தில் ரயில் வருவது கடைசி நிமிடம் வரை தெரியாது. வேண்டாம். ஹட்டன் – நுவரெலியா ஏ7 ரோட்டு ஓரமும் வேண்டாம், நடைபாதை இல்லாத இடங்களில் பஸ் உரசிப்போகும். மலையைச் சுற்றி வளைத்துப் போட்ட தோட்ட ரோடு, ஸ்கூல் கிரவுண்ட் இரண்டும் போதும்.

ஒவ்வொரு சாப்பாட்டுக்கும் பிறகு 10 நிமிடம், நாளுக்கு மூன்று முறை. சாப்பிட்டு ஏறும் சீனியை இது நேரே அமுக்கும். லொறி நிறுத்தும் இடத்திலேயே செய்யலாம். வாரத்துக்கு ஒரு நடையில் 5 நிமிடம் கூட்டுங்கள். வேகத்துக்கு அளவு: முழு வசனம் பேச முடிய வேண்டும், பாட முடியக்கூடாது. பின்னால் பிரஷருக்கு அட்டெனோலோல், பைசோப்ரோலோல் சேர்த்தால் அவை நாடியை மெதுவாக்கும், எண்ணிப் பிரயோசனமில்லை, இந்தப் பேச்சுச் சோதனைதான் கை கொடுக்கும். பிரஷர் 180/110ஐத் தாண்டிய நாள் நடை கிடையாது, கிளினிக்குக்குப் போக வேண்டும். வாரம் இரு நாள் கதிரையிலிருந்து கை ஊன்றாமல் 10 முறை எழும்பி உட்காரலாம், சுவரில் கை ஊன்றித் தள்ளலாம். மூச்சை அடக்காமல்!

நீங்கள் சொன்ன இறக்கம் ஆறேழு வாரத்துக்குப் பிறகு, டிரெட்மில் ஈசிஜி சரியாக இருந்தால். அதற்கு முன் இறங்கினால் தொடை முன்தசை இரண்டு நாள் கழித்துப் பிடித்துக்கொள்ளும், 98 கிலோவும் முழங்காலில் இறங்கும், திட்டம் அன்றோடு முடியும். நடந்து வந்ததும் பாதத்தின் அடியையும் விரல் இடுக்கையும் பாருங்கள். சீனியால் கால் மரத்திருந்தால் அட்டைக் கடியும் சப்பாத்துக் கொப்புளமும் தெரியவே தெரியாது.

கோதம்பமா_எதிரி:
ஒத்துக்கொள்கிறேன், கிளிக்லசைட்டைக் குறைக்காமல் 800 வேண்டாம். ஆனால் "கொஞ்சம் குறைத்துச் சாப்பிடுங்கள்" என்று சொல்லி அனுப்புவதும் வைத்தியம் ஆகாது. 1500 என்று வையுங்கள். காலை, குரக்கனும் கோதம்பமாவும் சரிபாதியாக 60 கிராமில் ஒரு ரொட்டி, முட்டை ஒன்று, வல்லாரைச் சம்பல். பகல், ஒரு தேநீர்க் கோப்பை சோறு, பருப்பு, கோவாவும் லீக்ஸும், உள்ளங்கை அளவு மீன். இரவு, ஒரு கோப்பை அவித்த கடலை, கரட், போஞ்சி. எண்ணெய் நாளுக்கு மூன்று தேக்கரண்டி. நுவரெலியா உருளைக்கிழங்கை மரக்கறிப் பக்கம் எழுதாதீர்கள், அதைப் போட்டால் அந்தளவு சோற்றை எடுக்க வேண்டும். உப்பு எல்லாம் சேர்த்து 5 கிராம், அதாவது ஒரு தேக்கரண்டி. கருவாட்டை ஊறவைத்துக் கழுவினாலும் உப்பு முழுதாகப் போகாது, வாரம் ஒரு நாளோடு நிறுத்துங்கள்.

மருந்துச்சிட்டு:
இரவு கடலைக்குக் கை தட்டுகிறேன். ஆனால் 1500க்கும் குளிசை அளவைப் பார்த்தாக வேண்டும். தங்கச்சி, அடுத்த கிளினிக்குக்குக் காத்திருக்காதீர்கள். "சாப்பாட்டைக் குறைக்கப் போகிறோம், கிளிக்லசைட்டை எப்படி மாற்றுவது" என்று முதலில் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். முதல் இரண்டு வாரம் காலையிலும், வண்டி எடுக்குமுன்னும் சீனி பார்க்கட்டும். 90க்குக் கீழே (மி.கி./டெ.லீ.) என்றால் சாவியைத் தொடக் கூடாது. 70க்குக் கீழே போனால் மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடம் கழித்துத் திரும்பப் பார்க்க வேண்டும். கிரீம் பிஸ்கட் உதவாது, கொழுப்பு சீனியை மெதுவாகத்தான் விடும்.

நடக்கும்போது நெஞ்சு இறுகல், தாடைக்கோ இடது கைக்கோ வலி பரவுதல், அளவுக்கு மீறிய மூச்சு, காரணமில்லாத வியர்வை: அந்த இடத்திலேயே உட்கார்ந்து 1990 அம்பியூலன்ஸுக்கு அடியுங்கள். சீனி உள்ளவர்களுக்கு வலியே இல்லாமல் நெஞ்செரிவு மாதிரியும் வரும், வாய்வு என்று சோடா குடித்து நேரத்தைப் போக்காதீர்கள்.

டிக்கோயா_காற்று:
ஆறேழு வாரம் கழித்துக் கோயிலுக்கு ஏற விடுவீர்கள்தானே?

பதுளை_பிசியோ:
டிரெட்மில் ஈசிஜியில் 8 மெட் வரை வலியோ கோட்டில் மாற்றமோ இல்லாமல் போனால், முதலில் பாதி வழி. திரும்பும்போது குறுக்கால் இறங்காமல் தோட்ட ரோட்டால் சுற்றி வரட்டும்.