வெள்ளம் சரியில்ல சாரே

சவர பிரஷ்ஷில் நுரை வராத கதையை ஆளாளுக்கு எழுதுகிறீர்கள், என்னுடையதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

2016-ல் தஞ்சாவூரை விட்டுக் கேரள எல்லையில், பாலக்காடு பக்கம் இருக்கும் கஞ்சிக்கோட்டில் வேலைக்கு வந்தேன். குடியிருப்பு மட்டும் தமிழ்நாட்டுப் பக்கம், க.க.சாவடியில். அதே வட்ட சோப்பு, அதே பிரஷ், அதே கை. ஊரில் நாலு சுற்று சுற்றினால் பொங்கிய நுரை, இங்கே ஐந்து நிமிடம் கடைந்தாலும் எழும்பவில்லை. கொஞ்சம் குமிழி வரும். முகத்தில் தடவி ரேசரை எடுப்பதற்குள் அமுங்கிவிடும். கிண்ணத்தின் ஓரமெல்லாம் பால் திரிந்த மாதிரி வெள்ளைத் திப்பி. சோப்பு போலி என்று வேறு வாங்கினேன். அப்புறம் பிரஷ்ஷையும் மாற்றினேன். தாடையில் விழும் கீறல் மட்டும் மாறவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வாளையாரில் ஒரு சலூனில் உட்கார்ந்தேன். சவரம் செய்கிற பெரியவர் தமிழையும் மலையாளத்தையும் சரிபாதி கலந்து பேசுவார். என் குறையைச் சொன்னதும் சோப்பைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. "வீட்டுல போர் வெள்ளமா?" என்றார். தஞ்சாவூர்க்காரனுக்கு வெள்ளம் என்றால் கரையை உடைத்துக்கொண்டு வருவது. முழித்தேன். "தண்ணி சாரே, தண்ணி! வெள்ளம் சரியில்லன்னா பத வராது." பத என்றால் நுரையாம்.

நாம் உப்புத் தண்ணீர் என்று சொல்லும் கடினமான போர் தண்ணீரில் இருக்கும் கால்சியமும் மெக்னீசியமும் சோப்பைப் பிடித்துத் திப்பியாக்கிவிடும். அதற்கு மிஞ்சிய சோப்புதான் நுரைக்கும். நான் இத்தனை நாள் கடைந்தது திப்பியைத்தான்.

அவர் மேசைக்கடியில் ஒரு கேன் வைத்திருந்தார். சிறுவாணித் தண்ணீர், கோயமுத்தூரில் இருக்கும் மகன் கொண்டுவந்து தருவது. அணை இருப்பது பாலக்காடு மாவட்டத்தில், தண்ணீர் போவது கோயமுத்தூருக்கு, அதில் ஒரு கேன் மறுபடி பாலக்காட்டுக்கே!

பிரஷ்ஷை அந்தத் தண்ணீரில் இரண்டு நிமிடம் ஊறவிட்டு, இரண்டு உதறு உதறினார். சோப்பின் மேல் அழுத்தாமல் ஒரு 30 வினாடி சுற்றினார். முடி நுனியில் நுரை இல்லை, பசைதான். அப்புறம் கிண்ணத்தில் சுற்றச் சுற்ற, நடுநடுவே நுனியை மட்டும் தண்ணீரில் தொட்டுக்கொண்டார். "ஊத்தக்கூடாது, காட்டணும்" என்றார். நான் செய்த தப்பு இங்கேயும் இருந்தது. வரவில்லையே என்று ஊற்றிக்கொண்டே போவேன், புளித்த மாவு மாதிரி பெரிய குமிழியாகக் கிளம்பும், ரேசருக்கு அது எதற்கும் ஆகாது. அவர் கிண்ணத்தில் குமிழியே கண்ணுக்குத் தெரியவில்லை. மேலே ஒரு பளபளப்பு வந்ததும் கிண்ணத்தைக் கவிழ்த்துக் காட்டினார். ஒரு சொட்டு விழவில்லை.

தடவுவதற்கு முன் எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார். ஆடி மாதம், பாலக்காட்டுக் கணவாய்க் காற்று. திறந்திருந்தால் ஒரு கன்னம் முடிப்பதற்குள் மறு கன்னத்து நுரை காய்ந்துவிடுமாம்.

இப்போது மழை பெய்தால் மொட்டை மாடியில் ஒரு குடம் வைத்துவிடுகிறேன். மற்ற நாளில் போர் தண்ணீரையே கொதிக்கவைத்து, ஆறவிட்டு, அடியில் படிவதை விட்டு மேலாக எடுப்பேன். கடினத்தன்மை முழுக்கப் போகாது, ஓரளவு குறையும்.

*

குப்பத்திலிருந்து எழுதுகிறேன். எங்கள் தெருவிலும் போர் தண்ணீர்தான், அண்டாவின் அடியில் சுண்ணாம்பு அடித்த மாதிரி வெள்ளை படிந்திருக்கும். நீங்கள் சொன்னபடி இன்று காலை கேன் தண்ணீரில் அரை டம்ளர் எடுத்துச் செய்தேன். நுரை வந்தது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கழுவிய பிறகு முகம் பிசுபிசு என்றே இருக்கிறது. "குடிக்கிற தண்ணியில சவரமா" என்று வீட்டில் பேச்சு வேறு.

*

கழுவியது குழாய்த் தண்ணீரிலா? முகத்தில் மிச்சமிருக்கும் சோப்பு அதோடு சேர்ந்தாலும் அதே திப்பிதான். அரை டம்ளரை முக்கால் டம்ளராக்குங்கள், மிச்சத்தை முதல் கழுவலுக்கு வைத்துக்கொள்ளுங்கள். வீட்டுப் பேச்சுக்கு என்னிடம் வழியில்லை, இங்கேயும் அது நடக்கிறது.