ஐப்பசி மழை தொடங்கியதிலிருந்து ஏர் ரைபிளின் குறி மேலும் கீழுமாகச் சிதறுகிறது: புதிய துப்பாக்கி வாங்கத்தான் வேண்டுமா?

கோத்தகிரி கணக்கர் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நான் கோத்தகிரிக்கு அருகில் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் கணக்கராக இருக்கிறேன். குழலை மடக்கி ஸ்பிரிங்கை ஏற்றும் வகையைச் சேர்ந்த, 0.177 அங்குல உள்விட்டமுள்ள குழல் கொண்ட ஏர் ரைபிள் ஒன்றை நான்கு ஆண்டுகளாக வைத்திருக்கிறேன். வீட்டுக்குப் பின்னால், முன்பு பச்சை இலை எடை போடப் பயன்பட்ட நீண்ட கொட்டகை ஒன்று சும்மா கிடக்கிறது. அதில் 10 மீட்டர் தூரத்தில் அட்டையை மாட்டி, அதன் பின்னால் மணல் நிரப்பிய மரப்பெட்டியை நிறுத்தி, வாரத்தில் மூன்று நாள் காலையில் சுடுகிறேன்.

செப்டம்பர் வரை, மேசையில் முழங்கையை ஊன்றிச் சுட்டால் பத்து பெல்லட்டும் (சிறு ஈயக் குண்டுகள்) 15 மில்லிமீட்டர் வட்டத்துக்குள் விழுந்தன. இப்போது அதே மேசையில், அதே பெல்லட்டில் 40 மில்லிமீட்டர் வரை சிதறுகிறது. பக்கவாட்டில் அவ்வளவு விலகல் இல்லை. மேலும் கீழுமாகத்தான் இறங்கி ஏறுகிறது. சில நேரம் வழக்கத்தைவிட வெடிச்சத்தம் பெரிதாகக் கேட்கிறது. குறிபார்க்கும் தொலைநோக்கியான ஸ்கோப் 3-9x40 வகை (3 முதல் 9 மடங்கு பெரிதாக்கும், முன்வில்லை 40 மில்லிமீட்டர்). அதைப் பிடித்திருக்கும் வளையங்களை இறுக்கிப் பார்த்துவிட்டேன், பயனில்லை. பராமரிப்பில் நான் குறை வைப்பதில்லை. ஈரத்தில் துரு ஏறிவிடக் கூடாது என்று வாரந்தோறும் குழலுக்குள் எண்ணெய் விட்டுத் துடைத்து, கணப்பு இருக்கும் அறையில் மர அலமாரியில் பூட்டி வைக்கிறேன்.

என் சந்தேகங்கள் இவை. கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,800 மீட்டர் உயரத்தில் இருப்பதும் குளிரும் காரணமாக இருக்குமா? ஸ்பிரிங் துப்பாக்கியை விட்டுவிட்டு, காற்றை அழுத்தி நிரப்பும் பிசிபி வகைக்கு மாறிவிடலாமா? அல்லது மைசூரில் எனக்குத் தெரிந்த ஒரு மெக்கானிக் இருக்கிறார், மசினகுடி வழியாகக் காரில் கொண்டுபோய்க் காட்டிவிட்டு வரலாமா? இதுவரை யாரிடமும் முறையாகப் பயிற்சி பெற்றதில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

கூடலூர்ச் சாரல் எழுதியது:

நானும் இரண்டு மழைக்காலம் இப்படித்தான் அவதிப்பட்டேன். பிசிபிக்கு மாறிய பிறகு அந்தத் தொல்லையே இல்லை. வாங்குவதாக இருந்தால் 0.22 அங்குலக் குழலாக, சக்தி அதிகமாக உள்ளதாக வாங்குங்கள். தோட்டத்தில் குரங்குகள் வந்தால் விரட்டுவதற்கும் உதவும்.

வெலிங்டன் முன்னாள் படைவீரர் எழுதியது:

தம்பி, துப்பாக்கியை மாற்றுவதற்கு முன்னால் செய்ய வேண்டியவை சில இருக்கின்றன. அவற்றுக்குக் காசு தேவையில்லை. அதற்கும் முன்னால், மேலே சொல்லப்பட்ட யோசனையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும்.

2016ஆம் ஆண்டு ஆயுத விதிகளின்படி, குழல் 0.177 அங்குலத்துக்கு மேற்பட்டதாக இருந்தாலோ, பெல்லட் வெளியேறும் சக்தி 20 ஜூல் என்ற ஆற்றல் அளவைத் தாண்டினாலோ, அந்த ஏர் ரைபிளுக்கு உரிமம் வேண்டும். கடையில் எளிதாகக் கிடைக்கிறது என்பதற்காக 0.22 வாங்கி வைத்துக்கொள்ளக் கூடாது. குரங்கு, மலையணில், பறவை எதுவாக இருந்தாலும் அதன்மீது பெல்லட் பாய்ச்சுவது 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் நேரடியாக மாட்டிக்கொள்ளும் செயல். சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். ஈயக் குண்டு உடம்பில் தங்கிய குரங்கு பல நாள் புண்ணோடு அலைந்து சாவதை எங்கள் குடியிருப்பிலேயே பார்த்திருக்கிறேன். அட்டையைச் சுடுகிறவரிடம் இந்த யோசனையை யாரும் சொல்லக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

மைசூர்ப் பயணத்தையும் கைவிடுங்கள். மசினகுடிப் பாதை முதுமலைக்குள்ளும் பந்திப்பூருக்குள்ளும் செல்கிறது. சரணாலயத்துக்குள் எழுத்துப்பூர்வமான முன் அனுமதி இல்லாமல் ஆயுதத்தோடு நுழையக் கூடாது என்று அதே சட்டத்தின் 31ஆம் பிரிவு சொல்கிறது. விலங்கைக் காயப்படுத்தக்கூடிய எந்தக் கருவியும் அந்தச் சட்டத்தின் கணக்கில் ஆயுதம்தான், ஆகவே உரிமம் தேவைப்படாத ஏர் ரைபிளும் அதில் அடங்கும். மேட்டுப்பாளையம் இறங்கி திம்பம் வழியாகச் சுற்றிப் போனாலும் சத்தியமங்கலம் காட்டைக் கடந்தாக வேண்டும். பழுது பார்க்கத்தான் வேண்டுமென்றால் கோயம்புத்தூர்ப் பக்கம் இறங்குங்கள்.

இனி உங்கள் துப்பாக்கிக்கு வருகிறேன். உயரத்தைக் குறை சொல்லாதீர்கள். கோத்தகிரி செப்டம்பரிலும் அதே உயரத்தில்தான் இருந்தது. காற்று மெலிந்திருப்பதால் ஸ்பிரிங் துப்பாக்கியின் வேகம் சமவெளியைவிடக் கொஞ்சம் குறையலாம், ஆனால் எல்லாக் குண்டுக்கும் ஒரே அளவில் குறையும் வேகம் குறியைச் சிதறடிக்காது. செப்டம்பருக்கும் ஐப்பசிக்கும் நடுவில் எது மாறியது என்று தேடுங்கள்.

நீங்கள் பராமரிப்பு என்று சொன்னதில்தான் முதல் கோளாறு இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. குழலுக்குள் விட்ட எண்ணெய், துப்பாக்கியைச் சாய்த்து வைக்கும்போது காற்றுத் துளை வழியாக உள்ளே இறங்கி, பிஸ்டன் அழுத்தும் அறைக்குள் சேர்ந்துவிடும். விசையை அழுத்தியதும் அங்கே காற்று ஒரு நொடியில் அழுந்திச் சூடேறுவதால், டீசல் எஞ்சினில் நடப்பதைப்போல அந்த எண்ணெய் பற்றிக்கொள்ளும். பெரிய சத்தம், எண்ணெய் கருகிய நாற்றம், குழல் வாயில் மெல்லிய புகை ஆகியவை அதன் அடையாளங்கள். ஒரு குண்டு அதிக வேகத்திலும் அடுத்தது குறைந்த வேகத்திலும் போகும், ஸ்பிரிங்கும், பிஸ்டனில் காற்றுக் கசியாமல் அடைக்கும் சீலும் கெடும். இனி குழலுக்குள் ஒரு சொட்டும் விடாதீர்கள். உலர்ந்த பருத்தித் துணித் துண்டுகளைக் குழலுக்குள் இழுத்து, துணி வெள்ளையாக வெளியே வரும்வரை துடையுங்கள். வெளிப்புற இரும்புக்கு மட்டும் எண்ணெய் தொட்ட துணியால் ஒரு துடைப்பு போதும்.

இரண்டாவது, கட்டையில் இருக்கும் திருகுகள். முன்பக்கம் இருபுறமும் ஒவ்வொன்று, விசைக் காப்புக்கு அருகில் ஒன்று. கொட்டகையின் ஈரத்தில் மரம் உப்புகிறது, இரவில் கணப்பு அறையின் சூட்டில் காய்ந்து சுருங்குகிறது. இப்படி மாறி மாறி நடந்தால் திருகு எவ்வளவு இறுக்கமாக இருந்தாலும் பிடி விட்டுப்போகும். ஸ்கோப் வளையத்தை இறுக்கிய நீங்கள் கட்டைத் திருகுகளைத் தொட்டதாக எழுதவில்லை.

மூன்றாவதாக ஒரு கேள்வி: காலையில் சுவெட்டர் போட்டுக்கொண்டு சுடுகிறீர்களா?

கோத்தகிரி கணக்கர் எழுதியது:

ஐயா, மிக்க நன்றி. ஆம், தடித்த கம்பளிச் சுவெட்டரும் கழுத்தில் மஃப்ளரும் போட்டுக்கொண்டுதான் சுடுகிறேன். அதற்கும் குறிக்கும் என்ன தொடர்பு என்று எனக்குப் புரியவில்லை. எண்ணெய் கருகிய நாற்றம் வருவது உண்மை. அதை நான் வெடிமருந்து வாசனை போல நல்ல அறிகுறி என்று எண்ணியிருந்தேன்.

கொடைக்கானல் மேகமலை எழுதியது:

படைவீரர் ஐயா சொன்னதோடு ஒரு கணக்கைச் சேர்க்கிறேன். நொடிக்கு 250 மீட்டர் வேகத்தில் போகும் பெல்லட் 10 மீட்டரைக் கடக்க 0.04 நொடி எடுக்கிறது, அதற்குள் ஏறத்தாழ 8 மில்லிமீட்டர் தாழ்கிறது. வேகம் 200 ஆகக் குறைந்தால் 12 மில்லிமீட்டர் தாழும். வித்தியாசம் நான்கு மில்லிமீட்டர் சொச்சம்தான். ஆகவே எண்ணெய் மட்டும் 40 மில்லிமீட்டர் சிதறலைத் தந்திருக்க முடியாது. திருகும் சுவெட்டரும் சேர்ந்துதான் மீதியைச் செய்திருக்க வேண்டும்.

சுவெட்டரின் கதை இதுதான். உங்களுடைய ஸ்கோப் வகையில் பெரும்பாலானவை ஏறத்தாழ 90 மீட்டர் தூரத்துக்குச் சரிசெய்யப்பட்டு வருகின்றன. 10 மீட்டரில் அட்டை மங்கலாகத் தெரிவதோடு, கண் ஸ்கோப்பின் நடுவிலிருந்து விலகினால் அதில் தெரியும் குறுக்குக்கோடும் அட்டையின்மேல் நகர்ந்துவிடும். துப்பாக்கியை மணல் மூட்டைகளுக்கு நடுவில் அசையாமல் பொருத்திவிட்டு, அதைத் தொடாமல், தலையை மட்டும் மேலும் கீழும் நகர்த்தி ஸ்கோப்பில் பாருங்கள். துப்பாக்கி அசையாதபோதே கோடு கறுப்பு வட்டத்தில் ஏறி இறங்குவதை உங்கள் கண்ணாலேயே காண்பீர்கள். தடித்த கம்பளி தோளிலும் மஃப்ளர் தாடைக்கடியிலும் புகுந்ததும், கன்னம் கட்டையில் ஒவ்வொரு முறையும் வெவ்வேறு உயரத்தில் படுகிறது. கண்ணும் அதோடு ஏறி இறங்குகிறது. 10 மீட்டர் வரை தூரத்தைச் சரிசெய்யும் வளையம் உள்ள ஸ்கோப் ஒன்றோ, துளை வழியாகப் பார்க்கும் டயாப்டர் குறியோ பிற்பாடு வாங்கலாம். இப்போதைக்கு மஃப்ளரைக் கழற்றிவிட்டு, எப்போதும் ஒரே மெல்லிய சட்டையோடு சுடுங்கள்.

பிசிபி பற்றி: நான் ஆறு ஆண்டுகளாக அதில்தான் சுடுகிறேன், நல்ல கருவிதான். பின்னுதைப்பு மிகக் குறைவு என்பதால் பிடியின் பிழைகளை அது பெரிதாக்குவதில்லை. போட்டிகளில் பயன்படும் 10 மீட்டர் துப்பாக்கிகள் நொடிக்கு 170, 175 மீட்டர் வேகத்தில்தான் சுடுகின்றன. 0.53 கிராம் பெல்லட்டுக்கு அது 8 ஜூலுக்கு அருகில் வரும், ஆகவே அதிக சக்தியைத் தேடிப் போக வேண்டியதே இல்லை. ஆனால் மலையில் அதற்கென்று தனி அக்கறை வேண்டும். மூடுபனியில் கைப்பம்பால் காற்றடித்தால் ஈரமும் சேர்ந்தே சிலிண்டருக்குள் போய் உள்ளே அரிக்கும். ஈரம் உறிஞ்சும் வடிகட்டி இல்லாத பம்பை நான் தொடமாட்டேன். கோயம்புத்தூரில் 32 டிகிரி வெயிலில் 200 பார் அழுத்தத்தில் காற்று நிரப்பிக்கொண்டு வந்தால், உங்கள் ஊரில் 12 டிகிரி காலையில் அழுத்தமானி 187 பாரைக் காட்டும். கசிவு என்று பயந்து, காற்றை அடைக்கும் ரப்பர் வளையங்களான ஓ-ரிங்குகளைக் கழற்றியவர்களை எனக்குத் தெரியும். சிலிண்டருக்கு ஆயுள் 10 ஆண்டு, பழையது வாங்கினால் அதில் பொறித்திருக்கும் தேதியைப் பார்க்காமல் பணத்தைக் கொடுக்காதீர்கள்.

வெலிங்டன் முன்னாள் படைவீரர் எழுதியது:

கொடைக்கானல் நண்பர் போட்ட கணக்கு எனக்கே புதியது, சரியாகத்தான் இருக்கிறது.

முறையாகப் பயிற்சி பெற்றதில்லை என்று சொல்லியிருந்தீர்கள். படையில் எங்களுக்குக் குழலின் நுனியில் ஒரு நாணயத்தை வைத்து, குண்டில்லாமல் விசையை இழுக்கச் சொல்வார்கள். நாணயம் விழக் கூடாது. உங்கள் துப்பாக்கியில் அதை அப்படியே செய்யாதீர்கள். ஸ்பிரிங்கை ஏற்றி, பெல்லட் இல்லாமல் விட்டால், தடுக்கக் காற்று மெத்தை இல்லாமல் பிஸ்டன் நேராக உலோகத்தில் மோதிச் சீல் உடையும். ஸ்பிரிங்கை ஏற்றாமலே, குழலில் ஒன்றும் இல்லை என்று இரண்டு முறை பார்த்துவிட்டு, நாணயத்தை வைத்துக்கொண்டு குறியில் பத்து மூச்சு நிற்பதே போதும். தினமும் கால்மணி நேரம் இதைச் செய்தால் ஒரு டப்பா பெல்லட்டைவிட அதிகம் கற்றுக்கொள்வீர்கள்.

சுடும்போது முன்கையை இறுக்காதீர்கள். ஸ்பிரிங் துப்பாக்கி, பெல்லட் குழலை விட்டு வெளியேறுவதற்குள் பின்னும் முன்னுமாக உதைக்கிறது. கை எங்கே, எவ்வளவு இறுக்கமாக இருக்கிறதோ அதற்கேற்ப அந்த உதை திசை மாறும். கட்டையின் அடியில் ஒரே இடத்தில் பென்சில் கோடு போட்டு, திறந்த உள்ளங்கை அந்தக் கோட்டில் படும்படி துப்பாக்கியைத் தாங்குங்கள், பிடிக்காதீர்கள். குழலையோ கட்டையையோ கடினமான மேசைமேல் நேராக வைத்துச் சுட்டால் குறி வேறிடம் போகும்.

கண்ணாடி அணியுங்கள், சுட்ட பிறகு சோப்பால் கைகழுவுங்கள், பெல்லட்டை வாயில் கவ்வும் பழக்கம் இருந்தால் இன்றே விடுங்கள்.

கோத்தகிரி கணக்கர் எழுதியது:

பதினாறு நாள் கழித்து எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். சொன்னவற்றை ஒவ்வொன்றாகச் செய்தேன், எது எதைச் சரிசெய்தது என்று தெரிய வேண்டும் என்பதற்காக ஒன்றை முடித்துப் பத்துக் குண்டு சுட்டு அட்டையில் தேதி எழுதி வைத்தேன்.

துணி இழுத்தபோது முதல் ஏழு துண்டுகள் கறுப்பாகவும் பிசுபிசுப்பாகவும் வந்தன. பன்னிரண்டாவதுதான் வெள்ளை. முதல் முப்பது குண்டு வரை நாற்றம் இருந்தது, பிறகு சத்தமும் ஒரே மாதிரி ஆகிவிட்டது. சிதறல் 40 மில்லிமீட்டரிலிருந்து 34 ஆனது. கட்டையின் இடதுபக்கத் திருகு முக்கால் சுற்று சுழன்ற பிறகுதான் பிடித்தது, வலதுபக்கம் அரைச் சுற்று. அன்று 22 மில்லிமீட்டர். மணல் மூட்டைச் சோதனையில் குறுக்குக்கோடு கறுப்பு வட்டத்தின் மேல்விளிம்பிலிருந்து நடுவரை இறங்குவதைப் பார்த்தபோது நான் உண்மையிலேயே அதிர்ந்துபோனேன். மஃப்ளரையும் சுவெட்டரையும் கழற்றி, பென்சில் கோட்டில் கையை வைத்துச் சுட்டதில் நேற்று 14 மில்லிமீட்டர். அலமாரியையும் கணப்பு அறையிலிருந்து மாற்றிவிட்டேன்.

மேசையிலிருந்து எழுந்து நின்று சுடத் தொடங்கியிருக்கிறேன். இங்கே ஒரு புதிய சிக்கல். அட்டையின் நடுவை 1.4 மீட்டர் உயரத்தில் மாட்டியிருக்கிறேன். நின்று சுடும்போது பெரும்பாலான குண்டுகள் இடப்பக்கம் ஒதுங்குகின்றன. விசையை இழுப்பதில் தவறா?

வெலிங்டன் முன்னாள் படைவீரர் எழுதியது:

ஒவ்வொன்றாகச் செய்து தேதி எழுதி வைத்தீர்களே, அதுவே பாதிப் பயிற்சி. மிகுந்த மகிழ்ச்சி.

விசையைக் குறை சொல்வதற்கு முன் கால்களைப் பாருங்கள். துப்பாக்கியை உயர்த்தி அட்டையைக் குறிபாருங்கள், பிறகு கண்ணை மூடி மூன்று மூச்சு விட்டு உடம்பைத் தளர்த்துங்கள், அதன் பின் கண்ணைத் திறந்து கோடு எங்கே நிற்கிறது என்று பாருங்கள். அது இடப்பக்கம் நின்றால் உங்கள் உடம்பு இயல்பாக அங்கேதான் பார்க்கிறது. நீங்கள் கையால் வலப்பக்கம் தள்ளிச் சுடுகிறீர்கள், விசையை இழுக்கும் கணத்தில் தசை தளர்ந்து குழல் தன் இடத்துக்கே திரும்பிவிடுகிறது. கையால் திருத்தாதீர்கள். நீங்கள் வலது தோளில் சுடுகிறவர் என்றால், பின்னாலிருக்கும் வலது பாதத்தை முதுகுப் பக்கமாக இரண்டு விரல் கனம் நகர்த்துங்கள், குழல் தானாகவே வலப்பக்கம் திரும்பும். மீண்டும் கண்ணை மூடித் திறந்து பாருங்கள். கோடு நடுவில் நிற்கும்வரை பாதத்தை நகர்த்தி, அந்த இடத்தில் தரையில் சுண்ணாம்புக்கட்டியால் பாதத்தின் விளிம்பை வரைந்துகொள்ளுங்கள்.

கோயம்புத்தூரில் 10 மீட்டர் கூடம் உள்ள கிளப்பில் ஒரு பயிற்சியாளர் மாதத்தில் இரண்டு முறையாவது உங்கள் நிற்கும் நிலையைப் பார்ப்பது நல்லது. அங்கே கிளப்பின் பிசிபி துப்பாக்கியிலேயே சில வாரம் சுட்டுப் பார்த்துவிட்டு, அதன் பிறகு வாங்குவதைப் பற்றி யோசியுங்கள். போகும்போது உங்கள் துப்பாக்கியை விட்டுவிட்டுப் போனாலும், தேதி எழுதிய அந்த அட்டைகளை மறக்காமல் எடுத்துப் போங்கள்.